கராஜ் கதவுக்கு வெளியே

எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தெரியவருவதற்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின.

2006 ஆகஸ்ட், டெக்சாஸில் ரிச்சர்ட்சன். அங்கே வீடு வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டு முறை எனக்கு வேலை போயிருந்தது. டெலிகாம் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை போன பயத்தில் இருப்பவனுக்குக் கண்டதிலெல்லாம் நம்பிக்கை வந்துவிடும். எனக்கு வாஸ்துவில் வந்தது. வீட்டின் வரைபடத்தை ஈமெயிலில் அனுப்பிவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு வாஸ்துக்காரருக்குப் போன் போட்டேன்.

"முன்வாசல் தென்மேற்குல இருக்குதுங்க சார். ஆகவே ஆகாது. அத மறந்துருங்க. கிழக்கால கார் விடற ரூம் இருக்குதில்லைங்க, இனிமே அதுதான் உங்க தலைவாசல். தென்மேற்கு மூலைல நல்லா வெயிட்டா எதையாச்சும் தூக்கி வெச்சுருங்க" என்றார்.

வைத்தேன். முன்கதவின் உள்பக்கம், அதை முழுக்க மறைத்தபடி, ஒரு பெரிய மர அலமாரி. அதில் என் புத்தகங்கள், மனைவியின் எவர்சில்வர் பாத்திரங்கள், மாவரைக்கும் கிரைண்டர். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. அன்றிலிருந்து நாங்களும் விருந்தாளிகளும் கராஜ் வழியாகத்தான் போய்வந்தோம். வீட்டுச் சாவியை யாரும் கையில் எடுத்துக்கொள்வதே இல்லை. அது சமையலறை ஆணியில் தொங்கியது. பின்பக்கக் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தில், திருடன் தள்ளித் திறக்காதிருக்க, ஒரு கட்டையை வெட்டிப் போட்டிருந்தேன். அதற்கும் நானே என் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மனைவி தோழி ஒருத்தியின் வளைகாப்புக்குச் சமைத்துக் கொடுக்கப் போயிருந்தாள். தோழியே வேனில் வந்து அழைத்துப் போனாள். வீட்டில் நானும் என் மகளும். அவளுக்கு மூன்றரை வயது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நாங்கள் புதிதாக வாங்கிய பழைய கார். மனைவிக்கு அப்போதுதான் லைசென்ஸ் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் என்னை ஆபீஸிலும் மகளை டேகேரிலும் விடப்போகிறவள் அவள். கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட்டோ ரப்பர் பேண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. காரின் கண்ணாடிக்கு மேலே மூன்று பட்டன்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு நம் கதவைப் பழக்கிவிட்டால் ரிமோட்டே வேண்டாம் என்று இன்டர்நெட் சொன்னது. அதை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். முழுக்கப் படித்தேனா என்று கேட்காதீர்கள்.

முதலில் ரிமோட்டைக் காரின் பட்டன் அருகே பிடித்து இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். சின்ன விளக்கு வேகமாகச் சிமிட்டினால் பாதி முடிந்தது. அது முடிந்தது. அடுத்து, ஏணி போட்டு ஏறி, கராஜ் கூரையில் தொங்கும் மோட்டாரில் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, முப்பது வினாடிக்குள் இறங்கி ஓடி, காரில் உட்கார்ந்து அங்கே அழுத்த வேண்டும். நான்கு தடவை ஏறி இறங்கினேன். கராஜுக்குள் அடுப்பு மூட்டியது போல அனல். நாக்குத் தள்ளியது. ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தொழில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. எதுவும் மசியாவிட்டால் பழையதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்போம். அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது. மோட்டாரின் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தேன். விளக்கு அணைந்தது. மறுபடி அழுத்திவிட்டு ஓடிப்போய்க் காரில் ஒருமுறை அழுத்தினேன். மோட்டார் பக்கம் ஏதோ சிமிட்டியது போல இருந்தது. ஆயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

சோதித்துப் பார்க்க வேண்டாமா? மனைவி வெளியிலிருந்து வருவாள், கதவு மூடியிருக்கும். அதேபோலச் செய்தால்தான் சோதனை. உள்சுவரில், மகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்த பட்டனைத் தட்டி, இறங்கிக்கொண்டிருந்த கதவுக்கு அடியில் குனிந்து, குறுக்கே யாராவது வந்தால் கதவை நிறுத்திவிடும் சென்சாரைத் தாண்டி வெளியே குதித்தேன். காரின் பட்டன் வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை. வெளிச்சுவரில் நான்கு எண்களை அழுத்தித் திறக்கும் பெட்டி ஒன்று இருந்தது. மேல்வரிசையில் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த அந்தக் கதவு தரையில் உட்கார்ந்தது. காருக்குள் போய் அழுத்தினேன். கதவு அசையவில்லை. எண் பெட்டிக்குப் போய் எங்கள் கல்யாண நாளை அழுத்தினேன். அதுவும் அசையவில்லை. ரிமோட்டை அழுத்தினேன். ஊஹூம். அழித்தபோது எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டைச் சுற்றி ஓடினேன். முன்கதவைத் தள்ளினேன், அலமாரிக்கு வலித்திருக்காது. பின்கதவில் என் கட்டை அழகாக உட்கார்ந்திருந்தது. ஏசி ஓடியதால் ஜன்னல்கள் எல்லாம் பூட்டு. போன் சமையலறையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. மகள் தூங்குகிறாள், எழுவதற்குள் எதையாவது செய்துவிடலாம் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

அவள் எழுந்துவிட்டாள். என்னைத் தேடிக்கொண்டு கராஜுக்குள் வந்திருக்கிறாள். வீட்டிலிருந்து கராஜுக்கு வரும் கதவை நான் மூடவில்லை.

"அப்பா? வேர் ஆர் யூ?"

"இங்கதாண்டா இருக்கேன், குட்டி. வெளிய. நீ உள்ள போ. ஏசில போய் உக்காரு. அப்பா இப்ப வந்துர்றேன்."

"ஓப்பன் த டோர், அப்பா."

"தோ, ஓப்பன் பண்றேன். நீ உள்ள போம்மா."

"நோ. இட்ஸ் ஹாட். ஓப்பன் இட்!"

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். காரின் டிக்கியில் ஜாக்கியின் இரும்புக் கம்பி இருந்தது. அதை எடுத்துப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. சத்தம் கேட்டு யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள். குழந்தையை உள்ளே தனியாக வைத்துப் பூட்டிய தகப்பன் என்று எழுதிக்கொள்வார்கள். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. பிறந்தநாள் விருந்துகளில் ஒரு கதை சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் மளிகைக் கடை வாசலில் குழந்தையைக் காரில் ஐந்து நிமிஷம் விட்டுப் போனாராம். போலீஸ் வந்ததாம். சொல்லச் சொல்ல அந்தக் கதை வளர்ந்து, கடைசியில் அவருக்குக் கிரீன் கார்டே போயிற்றாம். அந்த யாரோவை யாரும் பார்த்ததில்லை.

ஆகவே நான் காருக்குள் போய் உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினேன். விட்டு விட்டு அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டவைத்து அழுத்தினேன். அந்தக் காகிதத்தை அப்போதுதான் முழுக்கப் படித்தேன். மோட்டாரின் பட்டனை ஆறு வினாடிக்கு மேல் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றும், கடைசியில் காரின் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருந்தது. மூன்று முறை அழுத்தினேன். முப்பது முறை அழுத்தினேன். அந்த மோட்டார் இனி என்னை அடையாளம் கண்டுகொள்ளாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. உள்ளே அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். தகரத்தில் சின்னக் கை தட்டும் சத்தம். பிறகு அலறினாள். பிறகு இருமினாள். கால் மணி நேரம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம். கடிகாரத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அலுமினிய ஏணி கிறீச்சிட்டது.

"ஏறாதே! குட்டி, ஏறாதேடா! இறங்கு!" என்று கத்தினேன். ஏணி மறுபடி கிறீச்சிட்டது.

என் கத்தல் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். அறுபது வயதுக்கு மேல். வேலியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், கையில் சுத்தியல். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் அவரிடம் நின்று பேசியதில்லை. குழந்தை உள்ளே இருக்கிறாளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். வேறெதையும் கேட்காமல் பின்பக்கம் போனார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கண்ணாடி கற்கண்டு போலக் கொட்டிக் கிடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் ஏணியின் நான்காவது படியில் நின்றிருந்தாள். மேல்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் நனைந்து, முகம் ரத்தமாகச் சிவந்து. தூக்கினேன். அழவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். போலீஸைக் கூப்பிடுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். கண்ணாடியைப் பார்த்துப் பதறிப்போனாள். மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க இது? எவ்வளவு நேரம் உள்ள மாட்டிட்டு இருந்தா?"

"ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. லாக் ஆனது தெரிஞ்ச உடனே ஒடச்சுட்டேன்."

எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று பலமுறை யோசித்ததுண்டு. பயம்தான். கிரீன் கார்டைவிட அவளிடம் எனக்குப் பயம் அதிகம்.

"நல்லவேளை" என்றாள் மனைவி. மகளின் தலையைக் கோதினாள். "பயந்துட்டியாடா? அப்பா உடனே வந்துட்டாரில்ல?"

மகள் தலையாட்டினாள், இல்லை என்று.

"நோ, அம்மா. ஐ க்ளைம்ப்டு த லேடர். தேர்ஸ் அ விண்டோ இன் த டோர். ஐ சா அப்பா." அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஐ வாஸ் காலிங் அண்ட் காலிங். ஹி வாஸ் சிட்டிங் இன் த கார்."