மலரிலிருந்து அரும்புக்கு

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது பிள்ளைகளை மூன்று குழுவாக உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறவர்கள் அரும்பு, ஓரளவு படிப்பவர்கள் மொட்டு, தானாகவே படிப்பவர்கள் மலர். ஒரே அறை, ஒரே டீச்சர், மூன்று பாய். இவள் மலர். பத்தாவதோடு நின்ற எனக்கு, கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லத் தோன்றும். கூச்சத்தில் சொன்னதில்லை.

திடீரென்று அரும்புக்கு இறங்கிவிட்டாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு செகண்ட் ஷிப்ட், அதனால் காலையில் நான் போக வேண்டியதாயிற்று.

"நீ போய் இன்னா பேசப்போற? அவங்க கேட்டா தலைய ஆட்டிட்டு வருவ" என்று மனைவி சிரித்தாள்.

பைக்கில் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டேன். "இன்னாம்மா, படிச்சதெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கல. தெரியும்."

"தெரிஞ்சேவா தப்பா எழுதுன?"

ஒரு கன்டெய்னர் லாரி எங்களைக் கடந்து போனது. பிறகு சொன்னாள்: "அரும்பு பாய்லதான்ப்பா டீச்சர் உக்காருவாங்க. கையப் புடிச்சி எழுத வைப்பாங்க. மலர்ல எங்கள, உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களே செய்ங்கன்னுட்டுப் போயிடுவாங்க. செஞ்சிட்டு சும்மா உக்காந்துகினு இருக்கணும்."

வகுப்பில் டீச்சர் தரையில் உட்கார்ந்து, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு 'ப' எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். புடவையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையாங்க? இப்படியே போனா இவ அரும்புலயே நின்னுடுவா."

நான் அந்தப் பையனைப் பார்த்தேன். அவனை விட்டுவிட்டு என் பிள்ளையிடம் வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? மூன்று பாய்க்கும் அவர் ஒருவர்தானே. தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அரும்புப் பாயிலிருந்து மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் பாடம் தெரியும் டீச்சர். நீங்க பக்கத்துல உக்காரணும்னுதான் தப்பா எழுதுறா. கொஞ்ச நேரம்... அந்தப் பாய்லயும் உக்காந்தீங்கன்னா..."

டீச்சர் மலர்ப் பாயைத் திரும்பிப் பார்த்தார். நான்கைந்து பிள்ளைகள், வேலை முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்திருந்தார்கள். "நல்லாப் படிக்கறதுங்க, பாத்துக்கும்னு விட்டுட்டேன்" என்றார் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "நீ எதுக்குப்பா போய்ச் சொன்ன? டீச்சர் இப்ப எங்க பாய்க்கும் வர்றாங்க. நான் போட்ட கணக்குல ரெண்டு தப்பு கண்டுபுடிச்சிட்டாங்க."

"எங்க பாயின்னா எது?"

"மலர்தான். வேற எது?"