மீந்ததெல்லாம் எங்கே போயிற்று

மருத்துவர் மூன்று மாதம் கொடுத்தார். வேலூரில் நாங்கள் அவர் அறைக்கு வெளியே இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனதும், என் மனைவியின் ரத்தப் பரிசோதனைத் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாத்திரைய இதுக்கு மேல ஏத்த முடியாதும்மா. சாப்பாட்ட மாத்துங்க. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம். சர்க்கரை கொறையலன்னா ஊசிதான்."

ஆம்பூர் திரும்பும் பேருந்தில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஊசி வேணாங்க."

அவளுடைய அக்காவுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அக்கா இன்சுலின் போட ஆரம்பித்த வருடத்தில்தான் அவற்றை எடுத்தார்கள். ஊசியால் விரல் போகவில்லை, சர்க்கரையால் போயிற்று என்று அவளிடம் பலர் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். அவள் கணக்கு டீச்சர். ஒன்றுக்குப் பிறகு இரண்டு வரும் என்பதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருபவள். ஊசிக்குப் பிறகு விரல் என்பதையும் அதே உறுதியோடு நம்பினாள்.

"இனிமே ராத்திரிச் சாப்பாடும் ஞாயித்துக்கிழமையும் நான் பாத்துக்கறேன்" என்றேன். ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

உணவைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். எந்த நாட்டு மன்னன் எதைத் தின்று செத்தான் என்று என்னால் அரை மணி நேரம் பேச முடியும். வெங்காயம் எப்போது சிவக்கும் என்பது மட்டும் தெரியாது. கிளம்பும் முன் லாங் பஜாரில் வாங்கிய சாமை, வரகு, கேழ்வரகு, கொள்ளு எல்லாம் என் மடியில் பையோடு கனத்துக்கொண்டிருந்தன. எதைக் களைய வேண்டும், எதை வறுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை ஆம்பூர் வழியாகப் போகும் வாணியம்பாடிப் பேருந்தைத் தேடி ஓடிய அவசரத்தில் மறந்திருந்தேன்.

வீட்டில் இருக்கும் நாக்குகளைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா, எழுபத்தெட்டு வயது, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நாற்பது வருடம் நின்றவர். வெள்ளைச் சோறும் ரசமும் இல்லாத வேளையை அவர் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. மகன், கல்லூரி, உடற்பயிற்சிக்கூடம். கோழியும் முட்டையும் தவிர மற்றதெல்லாம் அவனுக்கு அலங்காரம். மகள், பதினொன்றாம் வகுப்பு. தோசை, அதுவும் முறுகலாக. ஊரெல்லாம் புகழும் முள்ளுக் கத்திரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவதில் அவளுக்கு ஒரு கலைஞரின் கவனம் உண்டு. மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நிற்கிறது. இருபத்து நான்கு வருடத்தில் கேட்டதில்லை.

நான் ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு ஷூவைப் பெரிய அளவில் தைக்கும் முன் ஒரு ஜோடி செய்து வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்புவோம். அவர் பார்த்து, வளைத்து, திருப்தியானால் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு நூலால் ஷூவில் கட்டி அனுப்புவார். அதன்பின் சண்டையென்று வந்தால் அந்த அட்டைதான் சாட்சி. குடும்பத்துக்கு வேண்டியது இதே ஏற்பாடுதான் என்று எனக்குத் தோன்றியது. அறிவுள்ளவர்கள் வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று எங்கோ படித்திருந்தும்.

முதல் ஞாயிறு காலை ஏழு கிண்ணங்களில் ஏழு வகை. கேழ்வரகு அடை, சாமைப் பொங்கல், கொள்ளு ரசம், முருங்கைக்கீரைக் கூட்டு இன்னும் மூன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்பெனியிலிருந்து எடுத்துவந்த அட்டை.

"இன்னாப்பா இது, பரிட்சையா?" என்றாள் மகள்.

"ருசி பாத்து கையெழுத்துப் போடு. நல்லா இல்லன்னா இப்பவே சொல்லு. அப்புறம் சொல்லக் கூடாது."

எல்லோரும் சாப்பிட்டார்கள். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். சாமைப் பொங்கலுக்கு அப்பாவே இரண்டாவது கரண்டி கேட்டார். அன்று மதியம் என் உள்ளத்தில் இருந்த பெருமிதத்தைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் கூசுகிறது.

செவ்வாய் இரவு அதே சாமைப் பொங்கலைப் பெரிய குண்டானில் செய்தேன். மகள் ஒரு வாய் வைத்தாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துவந்து தட்டின் மேல் வைத்தாள்.

"ப்பா, இது அப்ரூவ் ஆன பீஸ் இல்ல."

மகன் தன் தட்டையும் தள்ளிவைத்தான். "அன்னிக்கு நெய் மெதந்துச்சு. முந்திரி இருந்துச்சு. இது இன்னாப்பா, செமெண்டு மாதிரி?"

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிண்ணத்திலும் கையெழுத்து வாங்கும் அளவுக்கு நெய் விட்டிருந்தேன். மனைவியின் சர்க்கரைக்காகச் சமைக்கும்போது அது முடியுமா? சாம்பிளுக்கு நல்ல தோல், சரக்குக்குக் கிடைத்த தோல் என்று சில இடங்களில் நடக்கும். இருபத்திரண்டு வருடமாக அதைக் கண்டித்துக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் வீட்டு வியாபாரிகள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை கேழ்வரகுக் களி. அப்பா அதைத் தொடவே இல்லை. கோபம் கூட இல்லை, சோர்வாகச் சொன்னார்: "டேய், சின்ன வயசுல மூணு வேளையும் கேவுரு களிதான். அதுலேர்ந்து தப்பிக்கத்தான் நான் தோல் ஷாப்புக்கே போனேன். நாப்பது வருசம் நாத்தத்துல நின்னு சோத்துக்கு வந்தா, நீ மறுபடியும் களிய நீட்டறியே."

களியை எடுத்துக்கொண்டு போய் அரிசி களைந்தேன்.

ஆகவே சமாதானமானேன். அதாவது தோற்றேன். அப்பாவுக்கு ஒரு பிடி அரிசி தனியாக, ரசத்தோடு. மகனுக்குக் கோழி. மகளுக்குத் தோசை. நடுவில், யாரும் ஆசைப்படாத ஒரு பாத்திரத்தில் வரகோ சாமையோ, எனக்கும் மனைவிக்கும். "எல்லாரும் ரெண்டு கரண்டியாவது இதுலேர்ந்து போட்டுக்கணும்" என்பது சட்டம். போட்டுக்கொண்டார்கள். உண்டார்களா என்று நான் பார்க்கவில்லை. அதற்குள் அடுத்த தோசைக்கு அடுப்படிக்கு ஓட வேண்டியிருக்கும். கம்பெனியிலிருந்து ஆறரைக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல் நாலு சமையல் செய்து, கடைசியாக நான் இரண்டு வாய் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். பாத்திரம் ஒழிப்பதை மட்டும் அவள் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "சமைச்சவரு போய்ப் படுங்க" என்பாள். அதைக் கரிசனம் என்று எடுத்துக்கொண்டேன். கரிசனம்தான்.

மூன்று மாதம் முடிந்தது. வேலூர், அதே அறை, அதே காத்திருப்பு. சர்க்கரை ஏறியிருந்தது.

"இன்னாம்மா சாப்பிடறீங்க?" என்றார் மருத்துவர்.

"இவரு செய்யறதுதான் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் தினமும் அவளுக்குப் பாகில் ஊறிய மக்கன்பேடா ஊட்டி வளர்ப்பவன்போல ஆனேன். வரகு, சாமை, கொள்ளு என்று வரிசையாக ஒப்பித்தேன். ஆறு வாரம் கூடுதலாகக் கொடுத்தார். "இதுதான் கடைசி" என்றார். மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேருந்தில் செருப்புக்குள் தன் கால் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு மதியம். மகன் கடையிலிருந்து பிரியாணி வாங்கி வந்திருந்தான். அப்பாவுக்குச் சோறு, மகளுக்குத் தோசை, நடுப்பாத்திரத்தில் வரகு, எல்லாம் வழக்கம்போல. சாப்பிட்டுப் படுத்தவனுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீருக்காக அடுப்படிக்குப் போனேன்.

அவள் மேடையருகே நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரியாணிப் பொட்டலத்தின் ஓரத்துச் சோறு, அதன் மேல் அப்பா மீத்த சாதமும் ரசமும், பக்கத்தில் பாதித் தோசை. எல்லாவற்றுக்கும் அடியில், பிள்ளைகள் தட்டில் அப்படியே விட்ட என் வரகு.

"நீ சாப்ட்ட இல்ல?"

திருட்டில் பிடிபட்டவளைப் போல இல்லை. வகுப்பு நடுவில் யாரோ கதவைத் தட்டிவிட்டதுபோலப் பார்த்தாள்.

"சாப்ட்டேன். இது மீந்தது."

"மீந்தா?"

"கொட்டவா சொல்றீங்க? நாலு செய்யறீங்க, நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் நிக்குது. சோத்தக் குப்பையில போட எனக்கு வராது. எங்கம்மாவுக்கும் வராது."

"வரகாவது விட்டுர்லாம் இல்ல. யாருக்கும் புடிக்கல."

"அதத்தான் மொதல்ல காலி பண்ணுவேன். காலையில குப்பைக்கூடையில அதப் பாத்தா உங்க மூஞ்சி சின்னதாப் போய்டும்."

கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில், வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை அன்றாடம் நிறுத்துக் குறிக்கிறோம். மிச்சம் கூடினால் அளவில் எங்கோ தப்பு என்று பொருள். அதைப் புதிதாகச் சேரும் பெண்களுக்குக்கூடச் சொல்லித் தருகிறேன். மூன்று மாதம் வீட்டில் நான் ஆளுக்கொரு வகை பெருக்கினேன். பெருகியது எல்லாம் ஒரே ஆளுக்குள் போயிற்று. அவள் அம்மாவும் அப்படித்தான் நின்றபடி தின்றிருப்பாள். அக்காவும்.

அன்று மாலையே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். பேச்சாற்றல் எதுவும் கைகொடுக்கவில்லை. "உங்க அம்மா உங்க மிச்சத்தத் தின்னுதான் சர்க்கரை ஏறுது" என்பதோடு முடிந்துவிட்டது. மகள் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அப்பா மருமகளிடம் சொன்னார்: "எனக்கு ஒரு கரண்டி போதும்மா. வேணும்னா கேட்டு வாங்கிக்கறேன். தட்டுல நிக்காது."

இப்போது ஒரு குண்டான்தான். ஒரு நாள் சாமை, ஒரு நாள் அரிசியும் பருப்பும் பாதிப் பாதி, நிறையக் கீரை. மகன் முட்டையைத் தானே வேகவைத்துக்கொள்கிறான். யாரும் சந்தோஷமாக இல்லை. மகள் சாப்பிடும்போது முகத்தில் காட்டுவதைப் படம்பிடித்தால் எந்தத் தானியத்தின் வியாபாரமும் படுத்துவிடும். ஆனால் தட்டுகள் காலியாகின்றன.

முதலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள் அவள்தான் என்பது புதிய சட்டம். வேறு யாருக்கோ ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்தவளைப்போல நுனியில் உட்கார்ந்து தின்கிறாள். கண் குண்டான் பக்கமே போகிறது. நேற்று எல்லோரும் எழுந்தபிறகு அடியில் இரண்டு கரண்டி நின்றது. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் கை நகர்வதற்குள் குண்டானை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு வயிறு நெறஞ்சிருச்சு" என்றாள்.

"நெறஞ்சுதான் இருக்கு" என்று வழித்துத் தின்றேன். ஆறிப்போன சாமைக்கு, நானே செய்ததானாலும், சொல்லிக்கொள்ளும்படி ருசி ஒன்றும் இல்லை. இடுப்பு பெல்ட்டில் ஏற்கனவே ஓர் ஓட்டை தள்ளிப் போட்டாயிற்று.

சனிக்கிழமை அவளுக்குப் பரிசோதனை. கூடவே எனக்கும் எடுத்துவிடலாம் என்கிறாள்.