கடைசி பெஞ்சில் ஓர் இடம்

யாரிடமாவது எதையாவது கேட்டுவிட்டால் அக்கா உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். மடியில் வைத்து ஒரு துணித்துண்டால் மெதுவாகத் துடைப்பார். பதில் வரும்வரை துடைப்பு நடக்கும். பதில் வந்த பிறகுதான் கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறும். "டீயா, காப்பியா?" என்று கேட்டாலும் இதுதான், "ஏன் அழற?" என்று கேட்டாலும் இதுதான். நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்ணாடி அழுக்காக இருந்து நான் கண்டதில்லை.

கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் முகம் அக்காவுக்கு வெறும் கலங்கல்தான். அதற்காகவே கழற்றுகிறார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சிலருக்கு வாய்வரை வந்த வார்த்தையும் உள்ளே போய்விடும். நான் அந்த ரகம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். என்னிடம் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் தாங்களே சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா மட்டும் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். துடைக்கும் துணி நான் கொடுப்பது. ரவிக்கை வெட்டும்போது மிஞ்சுகிற மெல்லிய பருத்தித் துண்டு.

"இவ கிட்ட மாட்டிக்காதீங்க. கேள்வியைக் கேட்டுட்டு கண்ணாடியைக் கழட்டிட்டான்னா, பதில் சொல்லாம பாத்ரூம்கூடப் போக முடியாது" என்பார் அக்காவின் கணவர். அவர் என் கணவரின் அண்ணன். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. ஆனால் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதில்லை. பாடம் நடத்துகிற பேராசிரியர்களுக்கு, அதை எப்படி நடத்தலாம் என்று கைகொடுக்கும் மையம் ஒன்று அங்கே உண்டு. மையம் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, அக்கா. கூப்பிடுகிற பேராசிரியரின் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் மாணவர்களோடு உட்காருவார். போர்டில் எழுதுவது அங்கிருந்து தெரிகிறதா, யார் தூங்குகிறார்கள், யார் கையை அரைவாசி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார்கள், எல்லாம் பார்ப்பார். பிறகு அந்தப் பேராசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். பார்த்ததை அவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்வதில்லை. வளாகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கடைசி பெஞ்ச்'. "நாளைக்கு என் கிளாஸுக்குக் கடைசி பெஞ்ச் வருது" என்று பயந்துகொள்வார்களாம். அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

மையத்தின் கதவில் பெரிய கண்ணாடி. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நடைபாதையில் போகிற எல்லோருக்கும் தெரியும். பாடம் நடத்தத் தெரியவில்லை என்று பேராசிரியர் ஒருவர் உதவி கேட்டு வந்திருப்பதை நாலு பேர் பார்த்துவிட்டால் மானம் போய்விடாதா? அதனால் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார்கள், அதுவும் பின்வாசல் வழியாக. அங்கேதான் என் தையல் மிஷின். வாசலில் 'தையல்' என்று போர்டு தொங்குகிறது. அதனால் கையில் ஒரு துணி இருந்தால் போதும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒருவர் பேன்ட் கொண்டுவருவார், "கொஞ்சம் குட்டை பண்ணணும்மா" என்பார், கண் மட்டும் உள் அறையைத் தேடும். போகும்போது பேன்ட்டை மறந்துவிடுவார். அப்படிச் சேர்ந்த பேன்ட்கள் என்னிடம் ஓர் அடுக்கு இருக்கின்றன. அக்காவிடம் சொன்னால், "குட்டை பண்ணி வைச்சிடாதே, பாவம், அது அவருக்குச் சரியாத்தான் இருக்கும்" என்பார்.

கணிதப் பேராசிரியர் மட்டும் துணி எதுவும் கொண்டுவரவில்லை. முதல்நாள் என் மிஷின் முன்னால் வந்து நின்று, "எனக்குப் பாடம் எடுக்க வரலையாம், அம்மா. யாரைப் பார்க்கணும்?" என்றார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. அவருடைய கட்டுரைகளை எங்கெங்கோ உள்ளவர்கள் படிக்கிறார்களாம். ஆனால் முதலாம் ஆண்டு மாணவர்கள் டீனிடம் போய், அவர் வகுப்பில் ஒன்றுமே விளங்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வகுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிடலாமா என்று டீன் யோசித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அந்தச் சனிக்கிழமை உள் அறையில் நடந்த பேச்சு என் காதில் விழாமலிருக்க வழியில்லை. நடுவில் ஒரு திரைதான்.

"சார், கிளாஸ்ல நீங்க நிறைய கேள்வி கேட்கிறீங்க."

"ஆமாங்க, கேட்பேன்." குரலில் கொஞ்சம் சந்தோஷம்.

"பதிலும் நீங்களே சொல்லிடறீங்க. 'புரியுதா'ன்னு கேட்டுட்டு, 'ம், சரி'ன்னு நீங்களே தலையாட்டிட்டு போர்டுப் பக்கம் திரும்பிடறீங்க. அப்புறம் எதுக்கு சார் அந்தப் பிள்ளைங்களை அவ்வளவு தூரத்திலேர்ந்து வரவழைச்சுக் கஷ்டப்படுத்தறீங்க?"

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு அக்கா கேட்டார்: "ஆராய்ச்சி மாணவர்கள் இருக்காங்க, அவங்களோட உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. முதல் வருஷத்தை விட்டுடலாமே. ஏன் வேணும்?"

அதன் பிறகு சத்தமே இல்லை. கண்ணாடி கழன்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒரு ரவிக்கைக் கையை முழுதாகத் தைத்து மூட்டி முடிக்கும்வரை அந்த அமைதி இருந்தது.

"ஆராய்ச்சிக்கு வர்றவங்க எல்லாம் ஏற்கெனவே கணக்கு பிடிச்சவங்க" என்றார் கடைசியில். "பிடிக்காதவங்க முதல் வருஷத்துக்குத்தான் வருவாங்க. அவங்களும் இல்லைன்னா நான் யாருக்குப் புதுசா ஒண்ணைச் சொல்லப் போறேன்?"

"சரி. அப்ப கேட்டுட்டுக் காத்திருங்க. 'புரியுதா' வேணாம். 'இதுல எந்த இடம் உதைக்குது'ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்குங்க."

அடுத்த வாரம் முகம் தொங்கிப்போய் வந்தார். கேட்டாராம். அக்காவைப் போலவே கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு காத்திருந்தாராம். எப்போதும் நிறுத்தாமல் பேசுகிறவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? "எனக்கு மயக்கம்னு நினைச்சு ஒரு பொண்ணு தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு ஓடி வந்துடுச்சுங்க. இன்னொருத்தன் ஜன்னலைத் திறந்துவிடறான்!"

திரைக்கு இந்தப் பக்கம் நான் துணியை வாயில் பொத்திக்கொண்டேன். அக்காவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"தண்ணியைக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன். வேற என்ன பண்றது? அந்தப் பொண்ணு திரும்பிப் போகும்போது, 'சார், ரெண்டாவது வரியிலேயே உதைக்குது'ன்னுச்சு."

"அப்புறம்?" என்றார் அக்கா. அப்புறம் அந்த இரண்டாவது வரியைப் பற்றி அவர் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவர் குரல் நன்றாக இருந்தது.

செமஸ்டர் முடிகிற சமயத்தில் டீன் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். முன்வாசல் வழியாகத்தான். தன்மையான மனிதர், செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை போதும்மா. அவர் தேறுவாரா, மாட்டாரா? நீங்க பார்த்துட்டுத்தானே இருக்கீங்க."

"நான் பார்த்ததை அவருக்குச் சொல்லியாச்சு, சார்."

"எனக்கும் சொல்லலாமில்ல? எனக்கு அவர் மேல என்ன பகையா? முடிவு எடுக்கணுமே, அதுக்குத்தான் கேட்கிறேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "உங்க மையத்து ரூமை வேற வேலைக்குக் கேட்கிறாங்க. அந்த மையம் நமக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டா நானும் ஏதாவது காட்டணும்."

டீன் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், நீங்க அவர் கிளாஸ்ல என்னைக்காவது உட்கார்ந்திருக்கீங்களா?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் தொடங்கினார்.

டீன் டீயைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். சுவரில் இருந்த கல்யாணப் படத்தை ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். அக்கா துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே போய்விடலாம் என்று இருந்தது, ஆனால் டீத் தட்டோடு அங்கேயே நின்றேன்.

"என்னங்க இது, ஆளைப் பேசவே விடமாட்டேங்கிறீங்களே!"

"பேசத்தான் சார் விட்டிருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பதில் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்தார், செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் திரும்பி, "வரேன்" என்றார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகு நான் கேட்டேன்: "நல்லாத்தான் முன்னேறிட்டு வர்றாருன்னு சொல்லியிருக்கலாமே அக்கா? நல்ல வார்த்தைதானே. ரூமும் போகாம இருக்கும்."

"இன்னைக்கு ஒருத்தரைப் பத்தி நல்லதைச் சொல்லிட்டேன்னு வை. நாளைக்கு வேற ஒருத்தரைப் பத்திக் கேட்டு நான் சும்மா இருந்தா, அதுவே கெட்டதாயிடும். அப்புறம் யாரு பேன்ட்டைத் தூக்கிட்டு உன் வாசலுக்கு வருவாங்க?"

கண்ணாடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"அவர் 'வரேன்'னாரே அக்கா. அது கிளம்பறேன்ங்கிற வரேனா, கிளாஸுக்கு வரேன்ங்கிற வரேனா?"

அக்கா துணித்துண்டை மடித்தார். "அதான் எனக்கும் தெரியலை" என்றார்.

மையத்து அறை போய்விட்டது. அங்கே இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அக்காவின் மேசை நூலகத்தில், பழைய சஞ்சிகைகளின் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே கண்ணாடிக் கதவு இல்லை என்பதால் ஆட்கள் முன்னைவிடத் தாராளமாக வருகிறார்கள் என்கிறார். எனக்குப் பேன்ட் வருவது குறைந்துவிட்டது. முதலாம் ஆண்டு வகுப்பு கணிதப் பேராசிரியரிடமே இருக்கிறது. யாரும் அதை எடுக்கவும் இல்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் இல்லை. அவர் கூப்பிடும் நாட்களில் அக்கா போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். டீன் இன்னும் வரவில்லை. பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. அக்கா தன் கைப்பையை அதில் வைப்பதில்லை, வகுப்பு முடியும்வரை மடியிலேயே வைத்துக்கொள்கிறார்.