செவ்வாய்க்கிழமை டாக்டரும் ஓர் உள்தாழ்ப்பாளும்

விளக்கு வைத்த பிறகு கொல்லைத் தகரக் கதவை யாரோ நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டால், மற்ற வீட்டுப் பெண்கள் திருடன் என்பார்கள். ஆண்களுக்கு வரும் புற்றுநோயைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்கிற என்னைப் போன்றவர்கள், சரி, ஒருத்தர் வந்துவிட்டார் என்போம்.

வளையல் விற்கிறவர் வளையலை எடுத்துக் காட்டலாம். எங்கள் சரக்கின் பெயரை வாய்விட்டுச் சொல்வதற்குள் கூட்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். கருத்தடை, தொழுநோய், சொட்டு மருந்து என்று தொண்டை வறளப் பேசும் அக்கா தங்கைகளே, உங்களுக்குத் தெரியாததா?

தொட்டிலில் குழந்தை தூங்குகிறாள். கட்டிலில் அவள் அப்பா. இரண்டு மூச்சையும் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் பாண்டிச்சேரியில் அவருக்கு ஆபரேஷன். விரையில் கட்டி. "நல்ல வேளை, சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் டாக்டர். அந்தச் சீக்கிரத்தை வரவழைக்க என்ன பாடு பட்டோம் என்று உங்களிடம் சொன்னால், கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருக்கிறது.

தகரத்துக்கு அந்தப் பக்கம்

நாங்கள் இருப்பது திண்டிவனத்தில். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் சைக்கிள் கடை. ரயில் பிடித்து வீடு திரும்ப நேரமாகும். அன்றைக்குக் கரண்ட்டும் இல்லை. சுரண்டல் சத்தம் கேட்டதும் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அரிவாள்மணையைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்த ஜெபம் பாதிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

"திருடன் இல்லம்மா. ஒலக்கூரு ஆளு. மத்தியானம் மீட்டிங்ல ஒண்ணு சொன்னியே, அது எனக்கும் இருக்குதான்னு கேக்க வந்தேன்."

வயதான குரல். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போகிறாராம். நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம். கதவை மட்டும் திறக்காதே என்று கெஞ்சினார். மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது, வயதானால் அது வீங்கும், பெரும்பாலும் புற்றாக இருக்காது, ஆனால் டாக்டர் தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது, செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவார், வாருங்கள் என்று தகரத்திடம் சொன்னேன். அவர் முகத்தையே நான் பார்க்கவில்லை என்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். "வர்றேன். ஆனா அங்க என்னப் பாத்துத் தெரிஞ்ச மாரி சிரிச்சிடாத."

அவித்த மல்லாட்டை

நான் படித்த கான்வென்ட்டில், விஞ்ஞானப் புத்தகத்தின் அந்த ஒரு பாடத்தை மட்டும் சிஸ்டர் ஊசி நூலால் தைத்துத்தான் கொடுப்பார். அப்படிப் படித்தவளைப் பால் சொசைட்டி வாசலில், பீடியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆண்கள் முன்னால் நிறுத்தினால் என்ன பேசுவாள்? படத்தை விரித்தேன். என்னையும் படத்தையும் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒருவர் எருமையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

யாரோ வேர்க்கடலையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, அவித்துக் கொண்டுவந்து கூட்டத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு நானும் ஒன்றை எடுத்தேன். "நல்லா வெந்த பருப்பு விரலுக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதுல வேகாதது ஒண்ணு, கல்லு மாதிரி இருந்தா, அமுக்கினாலே தெரிஞ்சிடும் இல்லையா? அதே மாதிரிதான். வெந்நீர்ல குளிக்கும்போது மாசத்துக்கு ஒருமுறை உருட்டிப் பாருங்க. கட்டி இருந்தாலும் வலிக்காது. வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க. கல்யாண வயசுப் பிள்ளைங்களுக்குத்தான் இது அதிகம் வரும்."

ஒவ்வொருவர் கையிலும் மல்லாட்டை மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. எருமையைப் பார்த்தவர்தான் கடைசியில் வாய் திறந்தார்: "ஏம்மா, இனிமே எம் பொண்டாட்டி மல்லாட்டை அவிச்சா நான் எப்பிடித் துன்றது?"

ராத்திரி ரத்தம்

யானைக்கால் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும். அதனால் எங்கள் பக்கத்தில் இருட்டிய பிறகு சுகாதாரத் துறை ஆட்கள் தெருவுக்கு வந்து, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப்போவது வழக்கம். விரை வீங்கினால் இங்கே எல்லோருக்கும் முதல் சந்தேகம் அதுதான். ராத்திரி ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால், இடுப்புக்குக் கீழே மொத்தமும் பாஸ். வானூரில் கட்டட வேலைக்குப் போகிற பையன்கள் பரீட்சை ரிசல்ட் மாதிரி அதை என்னிடம் சொல்வார்கள். தம்பி, அது வேறு, இது வேறு என்பேன். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம், சைக்கிள் கடைக்காரரான என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே மிதித்து வருவதைப் பார்த்தேன். "வலிக்குதாங்க?" என்றேன். "வலியெல்லாம் இல்ல. ஒரு பக்கம் கனமா, கல்லு மாரி இருக்குது, அவ்ளோதான்" என்றார், டைனமோ கெட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி. வேகாத பருப்பு! செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டலாம் வாங்க என்று கெஞ்சினேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ராத்திரி ரத்தம் குடுத்துட்டேன், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஊருக்குச் சொல்றத வூட்ல சொல்லாத."

திரைக்குக் கீழே செருப்பு

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆண்களைப் பார்ப்பது ஒரு துணித் திரைக்குப் பின்னால். ஃபேன் போட்டால் திரை பறக்கும். போடாவிட்டால் டாக்டர் மயங்கி விழுவார். திரைக்குக் கீழே தெரிகிற செருப்பை வைத்தே, தடுப்பூசிக்குக் காத்திருக்கும் பெண்கள் உள்ளே இருப்பது எந்தத் தெரு மாமா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கோட்டக்குப்பத்து பாய் ஒருவர், திரையைப் பார்த்துவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பினார். "கதவு வையிங்கம்மா, ஜல்தியா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரருக்குக் கடை லீவு. என்னையும் குழந்தையையும் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பார். பாய் போனபிறகு பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் கண்ணும் அந்தத் திரையில்தான் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயம் நோய்க்கு மட்டுமில்லை.

காலி மருந்துப் பெட்டி அடைத்துக்கிடந்த ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தோம். கதவு இருந்தது, தாழ்ப்பாள் வெளியில் மட்டும். பெட்டிகளுக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு? மேலே கேட்டால், பார்க்கலாம் பார்க்கலாம் என்றார்கள். கம்பவுண்டர் எத்திராஜ் அண்ணன் மறுநாள் காலையில் துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கத்தில் வைத்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். எங்கே பிடித்தீர்கள் அண்ணே என்றேன். "எங்க வூட்டு கக்கூஸ்ல கழட்டிக்கினு வந்தேன். இனிமே வூட்ல கக்கூஸ் உள்ள போறவங்க பாடிக்கினே இருக்க வேண்டியதுதான்."

இந்தச் செவ்வாய்க்கிழமை

கேட்டுக்குப் பக்கத்தில் அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பெரியவர் வேட்டியை இறுக்கிக்கொண்டே வெளியே வந்தார். எங்களைத் தாண்டும்போது நின்று, இவர் யார் எவர் என்று தெரியாமலே இவரிடம் பேச ஆரம்பித்தார்.

"நீயும் அதுக்குத்தான் நின்னுக்கினு இருக்கியா? எனக்குப் புத்து இல்லியாம்பா. வயசு வீக்கமாம்."

தகரக் கதவுக் குரல்! சிரிப்பு வந்தது. அவர் கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பூந்து போயிடு தம்பி. உள்ள தாப்பா இருக்குது" என்றார் பெரியவர். "ஆட்டிப் பாத்துட்டேன், கெட்டியா இருக்குது."

இவர் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். பின்னாலேயே போனேன். ஸ்டோர் ரூம் வாசலில் நின்று திரும்பினார்.

"நீ இங்கயே நிப்பியா?"

"இங்கயேதாங்க நிப்பேன்."

"யாராவது தெறந்துட்டா?"

"வேணும்னா பாடிக்கினே இருங்க."

சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். துருப்பிடித்த தாழ்ப்பாள் முதலில் மாட்டிக்கொண்டது. பிறகு கர்ரென்று இழுபட்டு, டக்கென்று விழுந்தது.

மனசைத் திற, வாயைத் திற என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிகிற எங்கள் தொழிலில், கடைசியில் என் வயிற்றில் பாலை வார்த்தது ஒரு மனிதர் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட சத்தம்தான்.