ஸ்டெல்லா அக்காவின் பாதிக் கடை

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அவர் மகள் ரீட்டாவிடமிருந்து போன். தூக்கத்திலேயே... கஷ்டப்படவில்லையாம்.

திண்டுக்கல்லில் எங்கள் கடை வரிசையைத் தெரிந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். அவர் கடையில் நோட்டு, பேனா, ஜெபமாலை, மெழுகுவர்த்தி. பக்கத்தில் என் கடை... செல்போன் கவர், சார்ஜர்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கட்டடம். எல்லாக் கடைக்கும் ஒரே கூரை, மழை வந்தால் எல்லாருக்கும் சமமாக ஒழுகும்.

போன வருஷம், இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். கட்டி முடித்ததும் உங்களுக்கே தருகிறேன் என்றும் சொன்னார். அப்படி வெளியே போன கடைக்காரன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தச் சமயம் பழைய கடைவீதிகளைக் காப்பாற்றுவது பற்றிப் பேச மதுரையில் ஒரு கூட்டம். பினாங்கு, கொழும்பு என்று பல ஊர்க்காரர்கள். மாதா கோயிலில் யார் மூலமோ கேள்விப்பட்டு, எங்க வரிசையையும் வந்து பாருங்கள் என்று அக்காதான் அவர்களை வரவைத்தார்.

வரவேற்பு என் பொறுப்பு. பத்தாம் வகுப்போடு நின்றவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்... முகப்பு முழுக்க மறைகிற மாதிரி ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினேன். நடுவில் வருக வருக. ஓரத்தில் கூலிங் கிளாஸோடு நான். என் மகளையும் விடவில்லை, பிளஸ் டூ மார்க்கோடு ஒரு மூலையில் சேர்த்துவிட்டேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சத்தம்கூடப் போடவில்லை.

"ஏப்பா முருகேசு, அவுக கடல் தாண்டி வாரது இந்தச் செவத்தப் பாக்க. ஒன் மூஞ்சியப் பாக்கணும்னா போட்டோவ அனுப்பிருக்கலாம்ல. கழட்டு."

கழற்றிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்துவிட்டது. அவர்கள் எடுத்த முதல் போட்டோவில் எங்கள் முகப்பு அழகாக இருக்கிறது. ஏணியில் என் பின்பக்கமும் இருக்கிறது.

பினாங்கிலிருந்து வந்த மெய் லிங் என்ற இன்ஜினியரம்மா மாடிக்கு ஏறிப் பார்த்தார். கூரையை இடிக்க வேண்டியதில்லை, மேலே பூசிய சிமெண்ட்டுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அதை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே போடுங்கள் என்றார். கூட வந்த காலேஜ் பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

அவர்கள் தெருவில் அப்படித்தான் செய்தார்களாம். கட்டடங்கள் நிற்கின்றன... ஆனால் வேலை நடக்கும்போது வெளியே போன பழைய கடைக்காரர்கள் பாதிப் பேர் திரும்பவில்லையாம். அதைச் சொல்லும்போது அந்தம்மாவின் குரல் இறங்கிவிட்டது. இங்கே வேலை நடந்தால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டார்.

அக்காவுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"எங்க போறது? வீட்டுல விசேசம், துக்கம்னா பக்கத்துக் கடையில சாமானத் தள்ளி வச்சிட்டுத்தான போறோம். அதே மாதிரி பாதிக் கடைய எரவலா வாங்கிக்கிற வேண்டியதுதான். மொதல்ல என் கூரையப் பிரிங்க. நான் தம்பி கடையில ஒக்காந்துக்கிறேன்."

தம்பியை யாரும் கேட்கவில்லை.

மெய் லிங் அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஓனர், சரி, ஒரு கடையில் செய்து பாருங்கள், மழைக்கு ஒழுகினால் இடித்துவிடுவேன் என்றார்.

அப்புறம், அவர் கூரை வேலை முடிகிற வரை சில மாதம் என் கடையில் அக்கா. சார்ஜர் வாங்க வந்தவர்கள் மெழுகுவர்த்தியும் வாங்கிப்போனார்கள். நல்ல வியாபாரம்தான்... ஆனால் என் கஸ்டமரிடம், "இந்தக் கவரு ரெண்டு வாரந்தான் வரும் தம்பி, வேற பாரு" என்று என் முன்னாலேயே சொல்லுவார்.

போன மாதம் பினாங்கிலிருந்து ஒரு போட்டோ வந்தது. அங்கே இப்போது வேலை நடக்கிற ஒரு கடையின் தையல்காரர், பக்கத்து டீக்கடைக்குள் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் ஊர் வழி என்று எழுதியிருந்தார் மெய் லிங்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "அங்கயும் எடம் பத்தல போல... நல்லாச் சண்ட போடுவாக" என்று சிரித்தார்.

போன வாரம் பெய்த மழை உங்களுக்கே தெரியும். ஓனர் குடையோடு வந்து அக்கா கடைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தடவினார், ஈரமே இல்லை. அடுத்தது எந்தக் கடை என்று கேட்டார்.

அடுத்தது என் கடை.

இன்று அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் ரீட்டா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "மாமா, அம்மா நேத்தே நம்ம கடையில பாதி ரேக்க உங்களுக்கு ஒதுக்கிட்டாங்க. வேற எங்கயும் எடம் பாத்துறாதீங்க."

சாயங்காலம் அடக்கம். வரிசையே மூடியிருக்கும். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நல்லபடியாப் போங்கக்கா... திங்கக்கிழம காலையில நான் உங்க கடையில இருப்பேன்.