பலாமரத்தடிச் சருகு

மைசூர் ஒண்டிக்கொப்பலில் சிநேகிதி வைதேகியின் வீட்டில் தங்கியிருக்கிறேன். விருந்தாளியானாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. மார்கழிக் குளிரில் விடியும்போதே எழுந்து, பலாமரத்தடிச் சருகையெல்லாம் பெருக்கிக் கொளுத்திவிட்டு நிற்கிறேன். ரேஷன் சர்க்கரைக் காபியோடு வரும் வைதேகிக்கு முகம் வாடிப்போகிறது.

"நெண்டரு வருவான்னு நேத்தே சொன்னேனேடி!"

நெண்டரு என்றால் இந்த ஊரில் சொந்தக்காரர்கள். "அதுக்குத்தானே பெருக்கினேன்" என்கிறேன்.

"ஆறுமணிக் குருவியைச் சொன்னேண்டி! குளிருக்கு வடக்கேருந்து வருஷாவருஷம் வரது. சருகைப் புரட்டித்தான் பூச்சி தின்னும்."

என்னை நானே நொந்துகொண்டு, பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து கூடை கூடையாகச் சருகு சுமந்து வந்து பரப்புகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மதில் பக்கம் விசில் கேட்கிறது. பச்சை முதுகும் சிவந்த வயிறுமாகக் குருவி தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கிறது.

வைதேகி என் கையைப் பிடித்துக்கொண்டு அதனிடம் கிசுகிசுக்கிறாள்: "வாங்கோ, இலை போட்டாச்சு."