ஹாரன் அக்காவின் பின் டயர்கள்

ஹாரன் அக்கா எதையும் மறக்கமாட்டாள். மன்னிப்பதும் கிடையாது. பக்கத்து வீட்டில் தையல் மிஷினோடு குடியிருக்கும் எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது இதுதான். பெருந்தன்மை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர்களில் பாதிப் பேர் அடி வாங்காதவர்கள்.

தன் பழைய காரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய் வருவது அவள் தொழில். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. வண்டியில் ஏறியதும் சண்டை போடுகிற வாண்டுகள்கூட அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் அடங்கிவிடும். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் கார் டயர்கள் தேய்ந்துபோயின. அவளுடைய அக்கா வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருக்கிறார். வேறெங்கே போவது? "நம்ம வீட்டு வண்டி, நாலும் புதுசா போட்டுட்டேன், கண்ண மூடிக்கிட்டு ஓட்டு" என்றார் அந்த மாமா. இவளும் நம்பினாள்.

முதல் மழையிலேயே, தண்ணீர்த்தொட்டி வளைவில், காரின் பின்பக்கம் தானாக வெளியே போனது. வண்டி முழுதாகச் சுற்றி மதில் சுவரில் இடித்து நின்றது. ஒரு குட்டிப் பெண்ணுக்கு மோவாயில் தையல் போட வேண்டியதாயிற்று. அந்த வாரமே எல்லா வீட்டிலும் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. "அவங்க அப்பாவே கொண்டுபோய் விட்டுடுவாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதுதான் அவளை அறுத்தது.

மாமா சும்மா இருந்தாரா? நாக்கில் நரம்பில்லாமல் பேசினார். "டயர் என்ன பண்ணும்? ஓட்டுற கை சரியில்ல" என்று உறவுக்காரர் வீடுகளில் எல்லாம் சொன்னார். 'சறுக்கல் சுந்தரி' என்று பெயரும் வைத்தார். அந்தப் பெயருக்குச் சொந்த அக்காவே வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். இவள் தட்டைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

உண்மை பிறகு ஒரு பஞ்சரில் வெளியே வந்தது. மாமா கடைக்கு நேர் எதிரே இன்னொரு டயர் கடை. கோபத்தில் அங்கே போனாள், நானும் கூடப் போனேன். பின் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் அதன் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"இந்த நம்பர்தான் டயர் தயாரான வாரமும் வருஷமும். அது வெளிய தெரியாம உள்பக்கம் திருப்பி மாட்டியிருக்காங்க. ரொம்பப் பழசு, வேற வண்டியில ஓடினது. பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கியிருக்காங்க."

"முன்னாடி ரெண்டும்?"

"அது புதுசுதான். அதனாலதான் உங்களுக்குத் தெரியல. முன் டயர் வழுக்குனா ஸ்டியரிங் லேசாகி கையில சொல்லிடும். பின் டயர் சொல்லாது. ரெண்டுதான் புதுசுன்னா அத பின்னாடி போடணும், இது கடை வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

உடனே மாமா கடைக்குப் போய் நாலு கேள்வி கேட்போம் என்றேன். அவள் அசையவில்லை.

"கேட்டா நான் போடலம்பாரு. அக்கா அவர் பக்கம்தான் பேசுவா. அந்த ஆளு வாயாலயே வரணும்."

பிறகு நிதானமாக டயர் பார்க்க ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவள்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். ரொம்ப நாள் உழைக்கும் என்று காட்டியதை ஒதுக்கினாள். ரப்பரில் நகத்தை அழுத்திப் பார்த்தாள். தண்ணீரை வெளியே தள்ளுகிற பள்ளங்கள் எவ்வளவு ஆழம் என்று விரல் விட்டுப் பார்த்தாள். டயரின் பக்கவாட்டை அமுக்கி, தொளதொளவென்று இருந்ததை வேண்டாம் என்றாள்.

"சீக்கிரம் தேய்ஞ்சாலும் பரவால்ல. ஈரத்துல பிடிக்கணும். ஸ்டியரிங்க திருப்புனா உடனே கேக்கணும், யோசிச்சுட்டுத் திரும்பக் கூடாது."

"எங்கங்க ஓட்டப் போறீங்க?"

"ஒரே ஒரு வளைவுல."

நான்கையும் மாற்றினாள். வீட்டுக்கு வந்ததும் டயர்களில் சேற்றை அப்பி, பழசு மாதிரி ஆக்கினாள். மழை பெய்யும்போதெல்லாம் தனியாகப் போய் அந்த வளைவில் ஓட்டிப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தால் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் அந்த நாள் வந்தது. மாமாவின் கார் வொர்க்ஷாப்பில் இருந்தது. ஓர் உறவுக்காரரின் புது வீட்டுக்கு அவரும் அவள் அக்காவும் போக வேண்டும், நல்ல மழை. "நான் கொண்டுபோய் விடறேன் மாமா" என்றாள். அந்த வீட்டுக்குத் தைத்த திரைச்சீலைகள் என்னிடம் இருந்தன, அந்தச் சாக்கில் நானும் ஏறிக்கொண்டேன். நனையாமல் இருக்கக் காரை வாசற்படியோடு ஒட்டி நிறுத்தினாள். மாமா குனிந்து டயரைப் பார்க்கவில்லை.

முன்சீட்டில் அவர். பின்னால் அவள் அக்காவும் நானும். வழி நெடுக அவருடைய கிண்டல்தான். "சறுக்கல் சுந்தரி, இன்னைக்கு எந்தச் சுவரு?"

தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை, அன்று போன அதே வேகம்தான். குறைக்கவும் இல்லை. கிண்டல் நின்றது. மாமாவின் கை மேலே இருந்த கைப்பிடியைத் தேடியது.

"மெதுவா போம்மா."

"ஏன் மாமா?"

"மெதுவான்னு சொல்றேன்ல. பின் டயர் பிடிக்காது."

"ஏன் பிடிக்காது? நாலும் புதுசுன்னுதானே சொன்னீங்க?" இதைக் கேட்டது என் பக்கத்தில் இருந்த அக்கா.

"ஐயோ, பின்னாடி ரெண்டும் பழசுடீ, அவள நிறுத்தச் சொல்லு."

கார் வளைவில் திரும்பியது. நூல் பிடித்துத் தைத்த மாதிரி, ஓர் அங்குலம்கூட விலகாமல் திரும்பியது. அந்த மதில் சுவர் ஜன்னலோரம் மெதுவாகக் கடந்துபோனது. அவள் ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக் போட்டாள்.

"அந்த ரெண்டையும் கழட்டியாச்சு மாமா. உங்க எதிர்க்கடையில."

மாமா கைப்பிடியை விட்டார்.

"வேற வண்டியில கழட்டினது, கொஞ்ச நாள் ஓடும்னு..." என்று இழுத்தார்.

"பிள்ளைங்க போற வண்டி அது" என்றாள் அக்கா. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என் தங்கச்சிய ஊரெல்லாம் சிரிக்க வச்சீங்க. என்னையும் சிரிக்க வச்சீங்க. இறங்குங்க."

"மழை பெய்யுது."

"தெரியுது. இறங்குங்க."

அவர் இறங்கினார். அக்கா முன்சீட்டுக்கு வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் உன்கூட நான் வர்றேன். நடந்தத நானே சொல்றேன்" என்றாள்.

ஹாரன் அக்கா சற்றுத் தூரம் போய் வண்டியைத் திருப்பி, அதே வளைவுக்கு மறுபடியும் ஓட்டினாள். அதற்குள் மாமா அங்கே நடந்து வந்து, மதில் சுவரோடு ஒட்டி நனைந்துகொண்டு நின்றார். தன்னை ஏற்றிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினார்.

அவள் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, நிறுத்தாமல் போனாள்.